அன்னதானம் சரி, ஃப்ளெக்ஸ் எதற்கு?

எச்.ஐ.வி. உள்ளவர்கள் வேலையும் வாடகை வீடும் கிடைக்கும்வரை தங்குகிற இல்லம் ஒன்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. காலேஜ் முடித்ததிலிருந்து அங்கே உதவிக்குப் போகிறேன். வாசலில் போர்டு கிடையாது. ஏன் என்று மூளை உள்ளவர்களுக்குப் புரியும்.

போன மாதம் ஒரு பெரிய மனுஷர் பிறந்தநாள் சாப்பாடு தருவதாகச் சொன்னார். பிரிஞ்சி, போட்டோகிராபர், ஆளுயர ஃப்ளெக்ஸ் சகிதம் வந்து இறங்கினார். பல்லைக் காட்டும் அவர் முகம். அதற்குக் கீழே, 'எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அன்னதானம்'. அதை வாசல் கேட்டிலேயே கட்டிவிட்டார்கள்.

செல்வி அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. துறையூரில் மாமியார் வீடு துரத்திவிட, இங்கே வந்தவர். அடுத்த தெருவில் ஒரு மாடி ரூம் பேசி முடித்திருந்தார். எதுவும் தெரியாத அந்த வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார்.

காய் நறுக்கிய கத்தியோடு ஓடிக் கயிற்றை அறுத்தேன். குப்புற விழுந்த ஃப்ளெக்ஸ் மேல் ஏறி நின்றேன்.

"தம்பி, என் மூஞ்சி மேல நிக்கிறீங்க!" என்று அலறினார் பெரிய மனுஷர்.

ஸ்கூட்டர் நின்றது. "என்னப்பா விசேஷம்?" என்றார் வீட்டுக்காரர்.

"சாருக்குப் பொறந்தநாளுங்க."

"அதுக்கு ஏன் இங்க வந்திருக்காரு?"

"வீட்ல யாரும் கண்டுக்கலையாம், பாவம்."

அவர் சிரித்து, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா இப்போது அந்த மாடியில்தான் இருக்கிறார்.

அன்னதானம் என்று போன் வந்தால், "ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். ஆமாம் என்றால், "சாப்பாட்ட இங்க அனுப்புங்க. ஃப்ளெக்ஸ உங்க வீட்டு வாசல்ல கட்டிக்கங்க."