தடுப்புப் பொத்தான்

ஞானபூரணத்தின் இடது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் பதினான்கு வருடங்களுக்கு முன் போயின. தம்பி சுடலைராஜ் கபடி விளையாடிய இடத்தில் ஒருவனை அடித்துவிட்டு வந்திருந்தான். மறுநாள் காலை அந்த ஆள் அரிவாளோடு வீட்டுக்கு வந்தான். சுடலைராஜ் முற்றத்தில் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஞானபூரணம் குறுக்கே போய்க் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான் நடந்தது. வந்தவன் தூரத்துச் சொந்தம் என்பதால் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். சிவகிரியிலிருந்து அவளுக்கு வந்துகொண்டிருந்த சம்பந்தம் நின்றுபோனது. அப்போது அவளுக்கு முப்பது வயது.

கை ஆறியதும் விசைத்தறிக் கூடத்துக்குத் திரும்பினாள். முதலாளி அவளை நூல் சுற்றும் பக்கம் போகச் சொன்னார். அறுந்த இழையை முடிச்சுப் போட ஐந்து விரலும் வேண்டும் என்றார். அவள் பழைய நாலு தறியும் வேண்டும் என்று கூடத்து வாசலில் மூன்று நாள் நின்றாள். நான்காம் நாள் அவர் எரிச்சலில் ஒரு தறியைக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் நாலும் அவளிடம் வந்துவிட்டன. இப்போதும் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவற்றுக்கு நடுவில்தான் நிற்கிறாள். ஓடும் தறியை அவள் அதிகம் பார்ப்பதில்லை, சத்தத்தைக் கேட்பாள். குறுக்கே ஓடும் ஊடை இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நின்ற தறிக்குள்தான் கை போக வேண்டும். ஓடுகிற தறிக்குள் கையை விட்டவர்கள் இரண்டு பேரை அவளுக்குத் தெரியும்.

சுடலைராஜ் பத்து வருடம் சென்னையில் ஒரு வணிக வளாகத்தின் விளையாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தான். போன மாசியில் ஊருக்கு வந்தான். அம்மா இருவருக்குமாக விட்டுப்போன வீட்டின் முன்னறையில் கேம் சென்டர் போட்டான். மூன்று டிவி, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஏசி. கார் ஓட்டலாம், பந்து விளையாடலாம். பின்னறையில் இருந்த ஞானபூரணம் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாலு தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அது சத்தமே இல்லை.

சித்திரையில் புதிய டிஸ்க் ஒன்று வந்தது. அதில் இரண்டு பேர் ஆயுதங்களோடு நேருக்கு நேர் நின்றார்கள். வாள், கோடரி, ஈட்டி, சங்கிலியில் கட்டிய கத்தி. வேலை முடிந்து தூக்குவாளியோடு வந்தவள் கதவருகே நின்று பார்த்தாள். வெட்டுப்பட்டவன் பத்தடி தள்ளிப் போய் விழுந்தான். எழுந்து இடுப்பில் கை வைத்துச் சிரித்தான். ரத்தம் இல்லை, தீப்பொறிதான் பறந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெட்டு விழும்போது முதலில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று இந்த விளையாட்டைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. பொத்தானை அமுக்குகிற வேலைக்குச் சண்டை என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் நிறையும். அந்த வாரம் அந்தச் சண்டை ஆட்டத்தில் டோர்னமென்ட் நடத்தப்போவதாக சுடலைராஜ் பேனர் அடித்து வாசலுக்கு மேலே கட்டினான். பேனரில் ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் நுழைகிற யார் தலைக்கும் நேர் மேலே அது இருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த ஒரு வெளயாட்ட மட்டும் எடுத்துரு" என்றாள்.

"அதுக்குத்தான்க்கா ஆளே வருது."

"இந்த வீட்டுல வேண்டாம்."

"ரத்தமா வருது? வெறும் படம். அதுக்கு எம்புட்டு மூள வேணும் தெரியுமா? ஒருநா ஆடிப் பாத்துட்டுச் சொல்லு."

இடது கையை அவன் முன்னால் நீட்டியிருந்தால் போதும். அவன் பேசாமல் டிஸ்கை எடுத்திருப்பான். இருவருக்கும் அது தெரியும். பதினான்கு வருடங்களில் அவள் ஒன்றுக்காகவும் அந்தக் கையைக் காட்டிக் கேட்டதில்லை. வீட்டில் பங்கு எழுதும்போதுகூட அதைச் சேலைக்குள் வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

ஆடி ஜெயித்தால் எடுத்துவிடுவாயா என்று கேட்டாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் தாவூது என்பவன் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறவன். அந்த ஆட்டத்தில் அவனை அடிக்க சென்டரில் ஆள் இல்லை. சுடலைராஜ் அவன் தோளைத் தட்டினான்.

"இவன ஒருக்க ஜெயிச்சிரு. அன்னைக்கே எடுத்துருதேன்."

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றாள் ஞானபூரணம்.

மதியம் இரண்டரைக்கு சென்டரில் ஆள் இருக்காது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பொத்தான்கள் உள்ள கன்ட்ரோலர் மூன்று விரலில் நிற்காமல் நழுவியது. மடியில் துண்டை மடித்து அதன்மேல் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் வந்து எட்டிப் பார்த்த தாவூது பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைச் சொன்னான். ஒரு சுற்றுக்கு அறுபது விநாடி. இரண்டு பேர் தலைக்கு மேலும் பச்சைக் கோடு இருக்கும். அடிபட அடிபடக் கோடு குறையும். கோடு தீர்ந்தவன் தோற்றான். தீருவதற்குள் நேரம் முடிந்தால் யார் கோடு நீளமோ அவர் ஜெயித்தார். மூன்று சுற்றில் இரண்டு. தடுப்பதற்கென்று ஒரு பொத்தான். ஆனால் அதை அமுக்கிக்கொண்டே இருந்தால் தடுப்பு உடைந்துவிடும். அடி வருகிற நேரத்துக்கு அமுக்கி, உடனே விட வேண்டும்.

திரையில் வந்த இருபது ஆட்களில் வெறும் கம்போடு நின்றவனை அவள் எடுத்தாள்.

"அவன யாரும் எடுக்க மாட்டாங்கக்கா. அவன் அடி ஒறைக்காது."

"வெட்டாதவன் இவன் ஒருத்தன்தான இருக்கான்."

பத்து நாளில் எந்த ஆயுதம் எந்தச் சத்தத்தோடு கிளம்பும் என்று பிடித்துவிட்டாள். கோடரிக்கு முன்னால் ஒரு மூச்சுச் சத்தம். சங்கிலிக்கு இரண்டு கிலுக்கு. திரையைப் பார்க்காமலே தடுத்தாள். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டமும் தோற்றாள். காரணத்தை தாவூதுதான் கண்டுபிடித்தான். அவன் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றால் அவளுடைய கம்புக்காரன் தடுப்பை விட்டுவிட்டு நேராக அவனிடம் நடந்து வந்தான். வந்ததும் தாவூது வெட்டினான்.

"நான் சும்மா நின்னா நீங்க ஏன் உள்ள வாரீங்க?"

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. தறி நின்றால் கை உள்ளே போக வேண்டும். இருபத்தைந்து வருடமாகக் கைக்கு அதுதான் பழக்கம். அசைவு நின்றதும் ஆபத்து முடிந்தது என்று கை தானாகக் கிளம்பிவிடுகிறது.

எதிரிக்கே வழி சொல்லிக் கொடுக்கிறாயா என்று சுடலைராஜ் தாவூதைத் திட்டினான். தெரியாதவரைத் தோற்கடிப்பதில் என்ன இருக்கிறது என்று தாவூது கேட்டான்.

மறுநாளிலிருந்து தறி நின்றால் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் அவள் கையை நீட்டினாள். மேஸ்திரி வந்து, நின்றுகொண்டே தூங்குகிறாயா என்றார். இல்லை என்றாள். மூன்று எண்ணுவதையும் நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் நடந்தது. பன்னிரண்டு பேர் நாற்காலியிலும் தரையிலுமாக இருந்தார்கள். தாவூது கோடரிக்காரனை எடுத்தான். முதல் சுற்றில் இருபது விநாடியில் அவளை முடித்தான். இரண்டாவதில் அவன் சும்மா நின்றான். அவளும் நின்றாள். திரையில் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். பொறுக்காமல் அவன்தான் வந்தான். கோடரி சுற்றிப் போய்த் தரையில் இறங்கிய இடைவெளியில் கம்பை ஒரு முறை நீட்டினாள். அவன் கோடு ஒரு விரற்கடை குறைந்தது. மிச்ச நேரம் முழுக்க வந்த ஒவ்வொரு அடியையும் தடுத்தாள். அறுபது விநாடி முடிந்தது. மூன்றாவது சுற்றும் அப்படியே போனது.

இதெல்லாம் ஆட்டமா, சுற்றுக்கு ஒரே ஒரு அடிதானே அடித்தாள் என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. தாவூது கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். தோற்றது நான், அடிக்க இடமே கொடுக்கவில்லை என்று எல்லாருக்கும் சொன்னான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"நல்லாத்தான இருந்துச்சு அக்கா?"

அவளுக்கு வியர்த்திருந்தது. கம்பு அவன் ஆளின் நெஞ்சில் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டிருந்தாள். அதை மறைக்கவில்லை.

"நல்லா இருந்துச்சு. அதனாலதான் வேண்டாங்கேன்."

சுடலைராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. நேரம் முடிந்து ஜெயிப்பது ஜெயிப்பே இல்லை என்றான். டோர்னமென்டுக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றான். அவள் எழுந்து போகாமல் அங்கேயே நின்றாள். கடைசியில் அவன் நடு டிவியோடு இணைத்திருந்த விளையாட்டுப் பெட்டியைத் திறந்து டிஸ்கை உருவினான்.

"ஒன் கைக்காக எடுக்கேன். போதுமா?"

அவள் அதை வாங்கித் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினாள்.

"கைக்காகன்னா எடுக்காத. தோத்தேன்னு சொல்லிட்டு எடு."

"நானா தோத்தேன்? தாவூதுதான தோத்தான்."

"பந்தயம் ஒன்னோடது."

அவன் குரல் இறங்கியது. "பதினாலு வருசமா, சென்னைல இருந்தப்பவும், அந்தக் கையப் பாத்துக்கிட்டேதான் சோறு திங்கேன். தெரியுமா ஒனக்கு?"

"நான் காட்டலியே."

"காட்டாததுதான்க்கா."

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பு மாட்டினார்கள். தாவூதும் போய்விட்டான்.

டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மறுநாள் மதியம் அவள் வந்து நடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள், இருட்டும்வரை எழவில்லை. அந்த ஆட்டம் வேண்டும் என்று வந்தவர்களிடம், வா, என்னோடு ஆடு என்றாள். முதல் நாள் வேடிக்கையாக ஆடினார்கள். குருவிகுளத்திலிருந்து பைக்கில் வந்த இரண்டு பேர் ஆளுக்கு நான்கு ஆட்டம் தோற்றார்கள். ஒரு அடி வாங்குவார்கள். பிறகு அறுபது விநாடி முடியும்வரை காற்றை வெட்டுவார்கள். ஒருவன் கன்ட்ரோலரைத் தரையில் எறிந்தான். அவள் அதை எடுத்துத் துடைத்து அவனிடமே கொடுத்து, இன்னொன்று ஆடலாம் என்றாள். அவன் போய்விட்டான்.

அந்த வாரத்துக்குள் ஆட்கள் காருக்கும் பந்துக்கும் மாறினார்கள். உங்கள் அக்காவும் டோர்னமென்டில் ஆடுவார்களா என்று பெயர் கொடுத்திருந்த மூன்று பேர் வந்து கேட்டார்கள். சுடலைராஜ் அவளிடம் கேட்டான். பெயர் எழுதிக்கொள் என்றாள். அந்த மூன்று பேரும் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். அவன் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. சாப்பாட்டைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டான். அவள் வழக்கம்போல இரண்டு பேருக்கும் சமைத்து, மிஞ்சியதைத் தறிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள்.

ஒன்பதாவது நாள் மதியம் அவனே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் அவளோடு இதுவரை ஆடியதில்லை. இரட்டை வாள்காரனை எடுத்தான். அவள் கம்பை எடுத்தாள். ஆட்டம் தொடங்கியும் வாள்காரன் அசையவில்லை. அவள் மூன்று எண்ணினாள். பத்து எண்ணினாள். அவன் காத்திருக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவன் விரல்கள் பொத்தான் மேல் இல்லை.

கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "அடி" என்றாள்.

"முடியலக்கா."

"வெறும் படந்தான. ரத்தமா வருது?"

"என்னால ஒம்மேல ஓங்க முடியல."

"அப்ப இது வெறும் படம் இல்ல. அடிலே. சும்மா நின்னு என்ன ஜெயிக்க வைக்காத."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். சென்னையில் பத்து வருடம் இதையே பார்த்து வாழ்ந்தவன். தாவூதைவிட வேகமாக வந்தான். இரண்டு வாளும் இரண்டு பக்கத்திலிருந்தும் இறங்கின. முதல் சுற்று அவனுக்குப் போனது. அவள் தலையை ஆட்டினாள், அப்படித்தான் என்பதுபோல. இரண்டாவது சுற்றில் அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டாள். வலது வாளுக்கு ஒரு சத்தம், இடது வாளுக்குக் கொஞ்சம் மெல்லிய சத்தம். இரண்டும் சேர்ந்து வருவதற்கு முன்னால் ஒரு சின்ன வெறுமை. அங்கே கம்பை நீட்டினாள். அந்தச் சுற்று அவளுக்கு வந்தது.

மூன்றாவது சுற்று தொடங்கியது. அவன் அவளை ஒரு முறை வெட்டினான். அவள் இரண்டு முறை அடித்தாள். கடைசி இருபது விநாடி அவன் நிற்காமல் வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் கம்பு மேலே போய் வாங்கியது. துண்டு நழுவிக் கீழே விழுந்தது. கன்ட்ரோலரைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஆடினாள். மணி அடித்தது. அவள் கோடு அவன் கோட்டைவிட ஒரு நகக்கண் அளவு நீளமாக இருந்தது.

அவன் திரையைப் பார்த்தான். வாயை மட்டும் அசைத்தான்.

"கேக்கல" என்றாள்.

"தோத்துட்டேன்."

"எதுக்காக எடுக்க?"

"தோத்ததுக்காக எடுக்கேன்."

எழுந்து பெட்டியைத் திறந்தவன் டிஸ்கை உருவாமல் அப்படியே நின்றான். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு எடுக்கலாமா என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஆட ஆசைப்பட்டான். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"தோத்தவன் கேக்கப்படாது" என்று சொல்லி, டிஸ்கை வாங்க வலது கையை நீட்டினாள்.