பத்தியம் உண்டா, டாக்டர்?

எனக்கு இருபத்தேழு வயதில், கல்யாணமாகி எட்டே மாதத்தில், விதையில் கட்டி வந்தது. வலியில்லாத கட்டி, மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் செங்கல்பட்டு கோர்ட்டில் குமாஸ்தா வேலை. ஊரார் அந்தரங்கத்தையெல்லாம் நகல் எடுக்கிறவன், என்னுடையதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அது புற்றுநோய் என்று சொல்லி, அந்தப் பக்கத்து விதையை எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒன்றரை மாதம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். இனி உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

உயிருக்குப் பயமில்லை என்றானதும் மற்ற பயங்களெல்லாம் வந்து சேர்ந்தன. நான் இனிமேல் புருஷனாக இருக்கலாமா? இருந்தால் அவளுக்கு நோய் ஒட்டுமா? எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், உடம்பில் வைத்த கரண்ட் உள்ளேயே தங்கியிருந்தால் என்ன செய்வது என்பது. அப்போதுதான் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஈரக்கையால் சுவிட்சைத் தொட்டு, சாமான்களோடு சாமானாக மூலையில் போய் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். மரத்தில் கரண்ட் பாயாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே வீட்டுக்குள் மரப் பாதக்குறடு போட்டு நடந்தேன்; மர பெஞ்சில் தனியாகப் படுத்தேன். இடுப்பு வலி என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கப் போகவேண்டும். ரயிலில் தாம்பரம் வரை கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு போவேன். அவர் எதிரில் உட்கார்ந்ததும் அது வேறாகிவிடும். முதல் மாதம், "இனிமே நான் குடும்பம் நடத்தலாங்களா?" என்று கேட்டேன். அவர் என் உத்தியோகத்தை விசாரித்தார். கோர்ட்டு குமாஸ்தா என்றதும், சிக்கனமாக இருந்தால் தாராளமாக நடத்தலாம் என்றார்.

இரண்டாம் மாதம் இன்னும் தெளிவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "பத்தியம் ஏதாவது உண்டா?" என்றேன். நாட்டு வைத்தியர்களிடம் இப்படிக் கேட்டால், சாப்பாட்டோடு மற்றதையும் சேர்த்தே சொல்வார்கள். இவர் சீமையில் படித்தவர். பத்தியமே கிடையாது, முட்டை, மீன், ஈரல் எல்லாம் நன்றாகச் சாப்பிடலாம் என்றார். பதிலை மட்டும் வீட்டில் சொன்னேன். மனைவி ஒரு மாதம் ஈரலாக வறுத்துப் போட்டாள். எட்டு பவுண்டு ஏறினேன். பெஞ்சு முனக ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெஞ்சில் ஏன் படுக்கிறேன் என்று அவள் நேராகவே கேட்டுவிட்டாள். கரண்ட் விஷயத்தைச் சொன்னேன். சமையலறைக்குப் போனவள், கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றாள்.

"ஒண்ணும் அடிக்கலியே," என்றாள். "அடுத்த தபா நானும் வர்றேன்."

அடுத்த மாதம் டாக்டர் என் காகிதங்களைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிக்கப் போகும்போது, அவள் ஆரம்பித்தாள்.

"டாக்டரய்யா, நானும் இவரும் முன்ன மாதிரி ஒண்ணா இருக்கலாமா? எனக்கு ஒட்டுமா? கொழந்த பொறக்குமா? இவரும் கேக்க மாட்டாரு, நீங்களும் சொல்ல மாட்டீங்க போல கீது."

டாக்டரின் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் மேலே வரவில்லை. நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். என் மனைவியின் முதல் கேள்விக்குப் பதில் மேஜைக்கு அடியிலிருந்துதான் வந்தது: "இருக்கலாம்."

மற்ற இரண்டுக்கும் மேலே வந்து பதில் சொன்னார். இது ஒட்டுகிற வியாதியே இல்லை. குழந்தைக்கு ஒரு விதையே போதும். ஆனால் கரண்ட் வைத்ததால் கொஞ்ச காலம் காத்திருக்கவேண்டும், பிறகும் நிச்சயமாகச் சொல்லமுடியாது என்றார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இதை முன்பே கேட்டிருக்கலாமே என்று டாக்டர் என்னிடம் சொன்னார். இரண்டு தடவை கேட்டேனே என்றேன். அவர் யோசித்துப் பார்த்தார். பத்தியம் புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு முகம் மாறிவிட்டது.

"உங்க வயசுப் பசங்க எத்தனையோ பேர் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தரும் கேட்டதில்ல. நானாக் கேட்டா சங்கடப்படுவாங்கன்னு நானும் கேட்கல," என்றார்.

அன்று மாலையே மர பெஞ்சு கொல்லைப்புறத்துக்குப் போனது.

அடுத்த வருஷம் டாக்டர் எங்களிடம் ஒரு உதவி கேட்டார். மகாபலிபுரத்து மீனவர் ஒருவருக்கு என்னுடைய அதே ஆப்பரேஷன், புதிதாகக் கல்யாணமானவர், வாயே திறப்பதில்லை. நான் போய்ப் பேசினால் நல்லது என்றார். ஒரு விடுமுறை நாளில் இருவரும் பஸ் ஏறினோம். மனைவி அவர் பெண்டாட்டியோடு வீட்டுக்குள் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம். நானும் அவரும் கடற்கரை மணலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காற்றைப் பற்றியும் வஞ்சிர மீனைப் பற்றியும் பேசினோம்.

கடைசியில் அவர் மணலைக் கிளறிக்கொண்டே கேட்டார். "அண்ணாத்த, நான் எப்போ கட்டுமரத்துல ஏறலாம்?"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்கு நேர்ந்தது இவருக்கு நேரக்கூடாது என்று, கடலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். பெண்டாட்டியோடு இருக்கலாம், அவளுக்கு ஒட்டாது, ஷாக்கும் அடிக்காது, குழந்தைக்கு மட்டும் பொறுமை வேண்டும் என்றேன்.

அவர் மணலைக் கிளறுவதை நிறுத்தினார்.

"நான் நெசமாவே கட்டுமரத்தத்தான் கேட்டேன்," என்றார். பிறகு, "சொன்னது நல்லதாப் போச்சு அண்ணாத்த. அத எப்டி கேக்கறதுன்னுதான் தெரியாம இருந்திச்சு," என்றார்.

கட்டுமரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, அதை டாக்டரிடம்தான் கேட்கவேண்டும் என்றேன். அவருக்கு அடுத்த வருஷமே பையன் பிறந்தான். எங்களுக்கு மகள் பிறக்க மேலும் மூன்று வருஷம் ஆயிற்று.