ஈயம் தேய்ந்த குண்டானில் கஸ்டர்டு

நாங்கள் சித்தூர்க்காரர்கள். இரண்டு முறை கரு கலைந்த என் நாத்தனாருக்கு இந்தத் தடவை வயிற்றில் குழந்தை நிலைத்து ஏழாம் மாதம் தொடங்கியதால் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். அவள் ஆசைப்பட்டாளென்று, விடியற்காலையிலேயே பித்தளைக் குண்டானில் பன் துண்டு, கஸ்டர்டு, கமலா ஆரஞ்சுச் சுளை என்று அடுக்கடுக்காகப் பரப்பி ஈர மணலில் குளிர வைத்தேன்.

பதினோரு மணிக்கு வரவேண்டிய போதகர் வரவில்லை. தமிழ், ஆந்திர எல்லைத் தகராறில் நகரியில் பஸ்ஸை மறித்துவிட்டார்களாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"இன்னா அண்ணி, பஸ்ஸு வந்தாத்தான் என் புள்ளைக்குச் சோறா? ஒரு கரண்டி குடு" என்றாள் நாத்தனார்.

"ஜெபம் பண்ணாம துன்னக் கூடாதுடி, சும்மா இரு" என்றார் மாமியார்.

மூன்று மணிக்குப் போதகர் வந்து ஜெபித்தார். முதல் கரண்டி அவளுக்கென்று அள்ளினேன். அடியில் சாறு பச்சையாக இருந்தது. குண்டானின் உள்ளே பூசியிருந்த ஈயம் தேய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பழப்புளிப்பில் பித்தளைக் களிம்பு ஏறி விஷமாகிவிட்டது. பதினோரு மணிக்கே பரிமாறியிருந்தால் அது கண்ணுக்குத் தெரியாமலே அவள் வயிற்றுக்குள் போயிருக்கும். கர்த்தர்தான் காப்பாற்றினார். அத்தனையையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

இப்போது பழம் சேர்ந்த எதையும் பீங்கானில்தான் வைக்கிறேன். மறுவாரம் அப்படியே செய்து கொடுத்தேன். நாத்தனார் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தானே ஜெபம் பண்ணினாள்.