ஜெசிந்தா வாய் திறக்காத மாலை

போன ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம், எங்கள் போதகர் திடீரென்று மைக்கைச் சபையாரிடம் கொடுத்துவிட்டார். "இந்தக் கிழமை ஆண்டவர் உங்களுக்கு என்ன செய்தவர்? ஆளுக்கு ஒண்டு சொல்லுங்கோ."

மைக் என் கைக்கும் வந்தது. "எல்லாத்துக்கும் நன்றி" என்று சொல்லி, சுடுகிற சட்டியைப் போல் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டேன்.

எல்லாம் என்றால் எது? நல்லவேளை, போதகர் கேட்கவில்லை. ஜெசிந்தா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்...

அது யுத்த காலம். எனக்கு இருபத்துநாலு வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட் வேலை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அறையில் மூன்று கட்டில். ஒன்றில் நான். இன்னொன்றில் மல்லிகா. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, காலி வீதிப் புடவைக் கடையில் வேலை செய்தவள். நெற்றியில் திருநீறு பூசாமல் படி இறங்க மாட்டாள்.

மூன்றாவது கட்டிலுக்கு ஜெசிந்தா வந்தாள், மன்னாரிலிருந்து. கலியாணமாகிப் பத்து மாதம். வெளிநாட்டு வேலைக்கென்று கொழும்பு வந்த புருஷன் அன்ரன், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் பொலிஸார் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவனைத் தேடித்தான் வந்திருந்தாள். காலையில் பொலிஸ் வாசல். செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் சேர்த்து. மாலை ஆறு மணிக்கு அறையில் மெழுகுதிரி கொளுத்திச் செபம். அது முடிந்து சோற்றுப் பார்சலை அவிழ்க்கப் போனால், கையைப் பிடிப்பாள்.

"பொறுங்கோ. இண்டைக்கு ஆண்டவர் என்ன செய்தவர்?"

"நல்ல சுகம் தந்தவர்."

"அது நேற்றுச் சொன்னனீங்கள். இண்டைக்கு?"

எனக்கோ பசி! அதோடு எரிச்சலும்தான். புருஷன் உள்ளே இருக்கிறான், இவளுக்கு என்ன நன்றி வேண்டிக் கிடக்கிறது? ஆனால் அவளிடம் ஒவ்வொரு நாளும் ஒன்று இருந்தது. "பொலிஸ்காரன் ஒருத்தன் 'வாடிவென்ன நங்கி', இருங்கோ தங்கச்சி எண்டு சொல்லிக் கதிரை தந்தவன்." "அன்ரனுக்குக் கொண்டுபோன சேர்ட்டை வாங்கினவங்கள். அப்ப ஆள் உள்ளுக்கு இருக்கிறார்தானே?"

மல்லிகாவிடமும் கேட்பாள். "எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாதுங்கக்கா, நீங்க சொல்லுங்க" என்று அவள் சிரித்துவிட்டு, ஜெசிந்தா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு மாதத்துக்கு மேல், ஐந்து கிழமை, இப்படிப் போனது. பிறகு அந்த வியாழக்கிழமை.

கொண்டுபோன பையோடு அப்படியே திரும்பி வந்தாள் ஜெசிந்தா. "ஆளை மாத்திப்போட்டினமாம். எங்க எண்டு தங்களுக்குத் தெரியாதாம்."

அவ்வளவுதான். கட்டிலில் இருந்தாள். ஆறு மணி ஆனது. ஆறரை ஆனது. மெழுகுதிரியை அவள் தொடவில்லை. அந்தக் காலத்தில் "மாத்திப்போட்டினம்" என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருந்தது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் உபதேசியாரின் மகள். சின்ன வயதிலிருந்தே வசனங்கள் மனப்பாடம். ஒன்றாவது வாயில் வர வேண்டுமே! வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மல்லிகாதான் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். "அக்கா, இன்னைக்கு நான் சொல்றேன்."

மல்லிகா விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"மொத நாளு ஒரு பொலிஸ்காரரு உங்கள ஒக்காரச் சொன்னாரு. மறுநா ஆட்டோக்காரரு உள்ள வரைக்கும் வந்து, ஒங்களுக்காகச் சிங்களத்துல பேசினாரு. அப்பறம் கோயில்ல ஒரு சிங்கள அம்மா ஒங்க கையப் புடிச்சி அழுதாங்க, அவங்க மகனும் ஆமியில சேந்து போயி காணாமப் போனவருன்னு..."

சொல்லிக்கொண்டே போனாள். ஐந்து கிழமையையும். நாள் தவறாமல், வரிசை தவறாமல். நான் பசியோடு இருந்து கேட்காமல் விட்டதையெல்லாம் இந்தப் பிள்ளை ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள்! "சேர்ட்ட வாங்கிக்கிட்டாங்க, அப்ப அண்ணன் உள்ளதான் இருக்காருன்னு நீங்கதானே சொன்னீங்க..." என்ற இடத்தில் ஜெசிந்தா உடைந்தாள். ஐந்து கிழமையில் முதல் தடவையாக, மல்லிகாவின் மடியில் விழுந்து அழுதாள்.

அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நெருப்புப்பெட்டி எங்க?"

அடுத்த நாள் நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். அன்றைக்கும் பதில் இல்லை. மூன்று கிழமை கழித்துத்தான், தெற்கில் ஒரு தடுப்பு முகாமிலிருந்து அன்ரனின் கையெழுத்தில் ஒரு தபாலட்டை வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு ஆளையும் விட்டார்கள். இடது காது கேட்காது. ஏன் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவன் வந்தான். வராதவர்கள் எத்தனை பேர்...

இருவரும் மன்னாருக்குப் போன அன்று, மல்லிகாவைப் பிடித்துக் கேட்டேன்: "எப்பிடியடி உனக்கு அவ்வளவும் ஞாபகம் இருந்தது?"

அவளுக்கு வெட்கம். "அந்தக்கா சொல்றத எல்லாம் காலையில நா சாமி கும்பிடுறப்ப என் சாமிகிட்டயும் சொல்லுவேங்கக்கா. ரெண்டு எடத்துலயும் சொல்லி வச்சா நல்லதுதானே?"

பக்கத்தில் யாராவது நன்றி சொன்னால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ஒருநாள் அதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டி வரலாம்.