மூத்திரத்தில் விளைந்த உப்பு

குழாயில் தண்ணீர் வராவிட்டால் எல்லோரும்தான் பயப்படுவார்கள். எனக்கு வந்தாலும் பயம். திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கக்கூஸ் தண்ணீர் ஒரு பக்கம் கறுப்பாக உள்ளே வரும், இன்னொரு பக்கம் தெளிந்து வெளியே போகும். நடுவில் நான் நெஞ்சு படபடக்க நிற்பேன்.

"மோட்டார் சத்தம் கேட்டா ஏன் கத்துதுன்னு பயப்படுவிய, கேக்கலன்னா ஏன் கத்தலன்னு பயப்படுவிய. நீங்க அந்த மோட்டாரையே கட்டியிருக்கலாம்" என்பாள் என் மனைவி.

அந்தக் கோடையில் என் பயத்துக்கு நிஜமாகவே காரணம் இருந்தது. தெளிந்த தண்ணீர் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துக் குட்டைக்குத்தான் போகும். அந்தத் தோட்டத்துக்காரருடைய லைன் வீட்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். "நல்ல தண்ணிங்கய்யா, நான் பொறுப்பு" என்று நான் சொன்னதை நம்பித்தான் அவர் தென்னங்கன்று நட்டுச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தார். வெயில் ஏற ஏறக் குட்டை பச்சையாகத் திரண்டு, கரண்டியால் அள்ளிப் பரிமாறலாம் போல ஆகிவிட்டது. பாசி போய்ச் சொட்டுக் குழாயின் துளைகளை அடைத்தது.

ஒருநாள் காலையில் என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். கையில் அரை முழக் குழாய்.

"ஏனுங் தம்பி, அடைப்பெடுக்க உங்க கம்பெனித் தண்ணிய தெனமும் வாயில வெச்சு ஊதிட்டிருக்கறனுங்க. யாரு யாரு போனதோ, ருசி வேற பழகிப் போச்சு."

நான் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த மாசம் முடியறவரைக்கும் பாப்பனுங்க. சரியாகலீன்னா குட்டைக்கு வர்ற வால்வப் பூட்டிப்போட்டு லாரித் தண்ணி வாங்கிக்கறேன். கன்னு காயறதப் பாத்துட்டு நிக்க முடியாதுங்க."

வால்வைப் பூட்டினால் எங்கள் தண்ணீர் எங்கே போகும்? வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததையும் சேர்த்து நானே கவலைப்பட்டுக்கொண்டேன்.

கம்பெனியில் புதிதாக ஒரு இன்ஜினியர் மேடம் சேர்ந்திருந்தார்கள். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். குட்டையைப் பார்த்ததும், "தண்ணி அழுக்கு இல்லண்ணா. சத்து ஜாஸ்தி. பாஸ்பரஸ். பாசிக்கு விருந்து வெச்சிருக்கோம்" என்றார்கள்.

பாஸ்பரஸ் என்றால் எனக்குத் தீப்பெட்டிதான் தெரியும். தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பெட்டி ஒட்டுவார்கள். உரசுகிற பக்கத்தில் பூசுவார்களே, அதுவா மேடம் என்றேன். அதேதான் என்றார்கள். எலும்பில் இருக்கிறதாம், பல்லில் இருக்கிறதாம், விதைக்குள் இருக்கிறதாம். அது இல்லாமல் ஒரு புல்கூட முளைக்காதாம். மனிதனால் செய்ய முடியாதாம். எங்கோ தூரதேசத்துப் பாறையிலிருந்து வெட்டி எடுத்துத்தான் உரமாக்குகிறார்களாம். அது சோற்றுக்குள் வந்து, நமக்குள் வந்து, பெரும்பகுதி மூத்திரமாக இறங்கிப் போய்விடுகிறது. அன்று மதியச் சாப்பாட்டில் கை வைக்கும்போது எனக்கு என்னவோ போலிருந்தது. பாறையைத்தான் பிசைந்துகொண்டிருக்கிறோம் போல.

மேடம் சொன்ன வழி இதுதான். ஆண்கள் மூத்திரம் போகும் குழாயை மட்டும் தனியே பிரித்து ஒரு டிரம்மில் பிடிப்பது. சில நாள் ஊறவிட்டு அதில் மக்னீசியம் உள்ள ஒரு தண்ணீரைக் கலந்தால், பாஸ்பரஸ் உப்பாகத் திரண்டு அடியில் விழுந்துவிடும். குட்டைக்குப் போகும் சத்து குறையும். விழுந்த உப்பு உரமாகும்.

கலக்கவேண்டிய தண்ணீர் லாரியில் கேன் கேனாக வந்து இறங்கியது. ஒரு கேனின் மூடியைத் திறந்து விரலால் தொட்டேன். எண்ணெய் மாதிரி வழுக்கியது. யோசிக்காமல் நாக்கில் வைத்துவிட்டேன். அதே கசப்பு! எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு நான் உப்பளத்தில் நின்ற காலத்தில், உப்பு வாரி எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் தண்ணீர் இது. காலில் பட்டால் புண் எரியும். ஆகாத தண்ணீர் என்று வெட்டி வெளியே விடுவோம். அங்கே ஆகாதென்று விட்டது, இங்கே ஆகாதென்று விட்டதைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

முதல்முறை கலந்தபோது நானும் மேடமும் மட்டும்தான் இருந்தோம். டிரம்மைத் திறந்ததும் மூக்கைப் பிய்க்கும் நெடி, கண்ணில் நீர் கொட்டியது. கசப்புத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்தது. பிறகு அந்த வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, மணலாகப் படிந்தது. அந்த மணலை யாரும் போடவில்லை. இத்தனை நேரம் அதற்குள்தான் இருந்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிடலாம் போல வந்தது. டிரம்மில் இருப்பது என்ன என்று நினைத்துக் கையை இறக்கிக்கொண்டேன்.

தோட்டத்துக்காரருக்கு இதைக் காட்டினால் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்து, மாதக் கடைசியில் அவரைக் கூட்டி வந்தோம்.

"ஆயிரம் பேரு ஒண்ணுக்குப் போனதப் பாக்கறதுக்குத்தான் வேட்டி மாத்திட்டு வந்தனாக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டிரம்மைத் திறந்தேன். நெடியே இல்லை. "பரவால்லீங்களே, சுத்தமா வெச்சிருக்கறீங்க" என்றார் அவர். நெடி இருக்கவேண்டுமே என்று குனிந்து மறுபடி மோந்து பார்த்தேன். ஊற்றினேன், கலக்கினேன். ஒன்றும் விழவில்லை. மஞ்சளாகவே நின்றது. மறுபடியும் ஊற்றினேன். மேடம் முகம் மாறியது.

"விழுகுமுங்களா, இல்ல நான் போய் காப்பி குடிச்சுட்டு வரட்டுங்களா?" என்றார் தோட்டத்துக்காரர். குரலில் கேலி இருந்தது. கண் வெளியே, தோட்டத்துப் பக்கம் போய்விட்டிருந்தது. அவ்வளவுதான், வால்வைப் பூட்டிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

மேடம் ஒரு சிறு காகிதத் துண்டை டிரம்மில் நனைத்துப் பார்த்தார்கள். "இதுல ஆசிட் விழுந்திருக்கு" என்றார்கள்.

கக்கூஸ் கழுவும் அக்கா வாசலில்தான் நின்றிருந்தார். "வெளியாளு வர்றாங்கன்னு காத்தாலயே ஆசிட் ஊத்திப் பளிச்சுன்னு தேச்சு உட்டனுங்க. பைப்புல அத்தன கல்லுப் புடிச்சுக் கெடந்துச்சு. தப்புங்களா, கண்ணு?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தப்பில்லக்கா. அந்தக் கல்லுதான் இது. ஆசிட் பட்டா கரைஞ்சிடும்."

இத்தனை வருடமாக இந்த ஊரில் எத்தனை கம்பெனி, எத்தனை கக்கூஸ்! குழாயை அடைக்கிறது என்று ஆசிட் ஊற்றிக் கரைத்து விரட்டிக்கொண்டிருந்த கல், தூரதேசத்துப் பாறையின் உறவுக்காரன்.

ஆசிட்டை முறிக்கச் சாயப்பட்டறைக்கு ஆள் போய்க் காஸ்டிக் கரைசல் வாங்கி வந்தார். மேடம் கையுறை மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். முதலில் அந்த நெடி திரும்பி வந்தது. தோட்டத்துக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார். நெடி வந்ததற்குச் சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பின்னாலேயே வெளுப்பு வந்தது. விழுந்தது.

கழித்துப் போட்ட பனியன் துணியில் தைத்த பையில் அதை வடிகட்டினோம். முன்பே காயவைத்திருந்த உப்பையும் கொண்டுவந்து, துணியில் இழை எண்ணும் மடக்கு லென்ஸை அதன்மேல் வைத்துத் தோட்டத்துக்காரரைப் பார்க்கச் சொன்னேன். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. ஒவ்வொரு மணியும் கண்ணாடியில் செய்த ஓட்டுக் கூரை மாதிரி, விளிம்பு கூர்மையாக இருக்கும்.

"இத ஆரு செதுக்குனதுங்க?"

"யாருமில்லய்யா. அதுவாத்தான்."

"எம்பட எலும்புலயும் இதுதானுங்களா?"

"இதோட சத்துதான்னு மேடம் சொல்லுதாவ."

அவர் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு, "செரி, இன்னொரு மாசம் பாக்கலாமுங்க. ஆனா எனக்கு இந்தக் கண்ணாடி வேண்டாம், துளையில சொட்டோணும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

பழைய பச்சையை இறைத்து, பொக்லைன் விட்டுச் சேற்றை அள்ளிவிட்டுக் குட்டையில் புதுத் தண்ணீர் விட்டோம். தினமும் விடியும்போதே போய் எட்டிப் பார்ப்பேன். ஓரத்தில் கொஞ்சம் பச்சை வந்தது. அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதற்குமேல் அது பரவவில்லை. வெயில் அப்படியே அடித்தும் அடிமண் தெரிந்தது.

மாதம் முடிந்த அன்று தோட்டத்துக்காரர் சொட்டுநீர்க் குழாயின் வால்வைத் திறந்தார். ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்தபடி இருவரும் வரிசையில் நடந்தோம். சொட்டுகிறது. சொட்டுகிறது. கடைசிக் கன்றில் சொட்டவில்லை.

அவர் குழாயைத் தூக்கினார். ஆட்டுக்குட்டி மிதித்து மடங்கியிருந்தது. நீவிவிட்டார். வழக்கம்போல ஊதுவதற்கு வாயருகே கொண்டுபோனவர், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க ஊதுங்க தம்பி. நான் போதும்கற அளவுக்கு ஊதிட்டன்."

ஊத வேண்டியிருக்கவில்லை. துளையில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. அன்று லென்ஸில் பார்த்த வெள்ளை உப்பில் கொஞ்சம் அவர் மடியில் வைத்திருந்தார்; அதில் ஒரு சிட்டிகை எடுத்து, துளி விழுந்த ஈரத்தில் தூவினார். அடுத்த துளி அதன்மேல் விழுவதை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.