விளக்கைத் தணித்து ஓட்டிய படம்

பேசாப்பட நாட்களில் அவள் அழுதால் கொட்டகையே அழும். கைப்பிடியைச் சுற்றிப் படமெடுக்கும் கேமராக்காரர், "துடைக்காதீங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்பார். அவளும் கண்ணீரைக் கன்னத்திலேயே நிறுத்தி வைப்பாள். பிறகு படங்கள் பேசத் தொடங்கின. அவளுக்குக் கரகரத்த குரல். "தொண்டையில தகரம் மாட்டிக்கிச்சா?" என்றார் முதலாளி. அன்றைக்கு அரிதாரத்தைக் கழுவியவள்தான். தையல் மெஷினில் உட்கார்ந்து மகனை எஞ்சினியருக்குப் படிக்க வைத்தாள்.

அவன் படித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய பழைய படமொன்றை ஒரு கொட்டகையில் போட்டார்கள். இருவரும் போனார்கள். கையால் நிதானமாகச் சுற்றி எடுத்த படத்தைப் பேசும்பட மெஷின் விரட்டு விரட்டென்று விரட்டியது. பிள்ளையைப் பறிகொடுத்தவளாய் அவள் மார்பில் அடித்துக்கொண்டது, கோழி சிறகடிப்பதுபோல் ஆனது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"நான் அவ்வளவு மோசமாவாடா அழுதேன்?" என்றாள் வழியில்.

"மெஷின் வேகம்மா அது."

"மெஷினா அழுதுச்சு? நான்தானே அழுதேன்."

அதன்பின் சினிமாக் கொட்டகைப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்ததும், அந்தப் படத்தில் மிஞ்சியிருந்த ஒரே ரீலை நினைவுக் கூட்டத்தில் போட ஏற்பாடானது. மெஷின் வேகத்தைக் குறைக்க, மகன் பெல்ட்டும் கப்பியுமாக ஆபரேட்டர் அறைக்குள் நுழைந்தான்.

"வேகத்தைக் குறைச்சா விளக்குச் சூட்டுல ஃபிலிம் கருகிடும், தம்பி. இருக்கிறதே இது ஒண்ணு. அப்புறம் சாம்பலுக்குத்தான் மாலை போடணும்," என்றார் ஆபரேட்டர்.

"விளக்கையும் குறைங்கண்ணே."

"படம் மங்கும். என்னைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும். சிரிக்கக் கூடாது."

ஆபரேட்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விளக்கைத் தணித்தார்.

படம் மங்கலாகத்தான் ஓடியது. மகன் திரையைப் பார்க்கவில்லை. மெஷின்மேல் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். "யோவ், விளக்கு என்ன பட்டினியா?" என்று கீழே ஒருவர் கத்தினார். அந்தக் காட்சி வந்தது. அவள் கை மெல்ல உயர்ந்தது, மார்பில் விழுந்தது. மங்கலில் முகம் தெரியாமல் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். கத்தியவரும் அடங்கிப் போனார். எங்கோ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

ரீல் கருகாமல் முடிந்தது.

"ஒருத்தர்கூடச் சிரிக்கல, தம்பி."

உடனே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மகன் எழுந்தான். கதவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது. திரும்பி வந்து பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினான்.