எதையா? எதெயா?

தொண்ணூற்றேழாம் வருடம், பெங்களூரு. ஓர் அலுவலகத்தின் பெண்கள் ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், தேர்வானால் அங்கேயே வேலை என்று கேள்விப்பட்டு வேலூரிலிருந்து வந்திருந்தேன். நான் கோல்கீப்பர். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் மட்டையைப் பரணில் போட்டுவிடுவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே அத்திபெலேயில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன்.

கோல்கீப்பர் இடத்துக்கு என்னோடு இன்னொருத்தியும் வந்திருந்தாள். கோலார் தங்கவயல்காரி, என் வயதுதான். தமிழும் கன்னடமும் அவள் வாயில் தண்ணீராக ஓடும். பார்த்ததுமே அவளை எனக்குப் பிடிக்கவில்லை. இருப்பது ஓர் இடம், பிறகு எப்படிப் பிடிக்கும்?

முதல் நாள் பயிற்சியிலேயே, நெஞ்சில் அடிபடாமல் கட்டுகிற என் செஸ்ட் கார்டின் வார் அறுந்துவிட்டது. கல்லூரிப் பையன்கள் போட்டுத் தேய்த்துக் கழித்த பஞ்சுப்பொதி அது. நல்ல கார்டு இல்லாமல் நாளைக்குக் கோலில் நிற்க விடமாட்டேன் என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள்தான் பக்கத்தில் வந்தாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? எனக்கு கட தெரியும், வா."

விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்ததும் அவள் கிளவுஸ் பார்க்கப் போய்விட்டாள். நான் கடைக்காரரிடம் கார்டு வேண்டும் என்றேன். அவர், "எதெகா?" என்றார். எதை என்று கேட்கிறாராக்கும் என்று மேலே கும்பலாகத் தொங்கியவற்றைக் காட்டி, "அதை" என்றேன். அவர் விழித்தார். மறுபடியும், "எதெகா, மேடம்?" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"எதை எதைன்னு எத்தன வாட்டி கேப்பீங்க? நெஞ்சுக்குங்க, நெஞ்சுக்கு!"

அவள் ஓடி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, கன்னடத்துல 'எதெ'ன்னா நெஞ்சும்மா! நெஞ்சுக்கான்னுதான் அவரும் கேக்குறாரு."

அசடு வழிந்தது. அதை மறைக்க, இருப்பதிலேயே தடிமனான கார்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். கனமாக இருந்தால் பத்திரம் என்று நினைப்பு. மெத்தையைச் சுற்றிக் கட்டியதுபோல் இருந்தாலும் எனக்குத் திருப்திதான். அவள் விடவில்லை.

"சும்மா நின்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கோல்ல நிக்கற மாதிரி குனி. கைய தூக்கு."

கடையில் இருந்த ஆண்கள் எல்லாம் பார்க்க, முட்டியை மடக்கிக் குனிந்தேன். கார்டு மேலேறி மோவாயில் இடித்தது. கையைத் தூக்கினால் தோளும் காறை எலும்பும் வெளியே தெரிந்தன. ஆண் உடம்புக்குத் தைத்த கார்டு அது. "பந்து இங்கதான் வரும்" என்று என் கழுத்துக்குக் கீழே விரலால் குத்தினாள். வெட்கத்தில் எனக்கு உயிரே போயிற்று. ஒவ்வொன்றாக மாட்டி, குனிந்து, கழற்றி, கடைசியில் சின்னதாக, லேசாக, காறை எலும்பு வரை மூடுகிற ஒன்று அமைந்தது. முதுகு வாரை அவளே இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் தேர்வில் ஒரு பெனால்டி கார்னர். அடித்த பந்து எகிறி, அவள் விரல் வைத்த அதே இடத்தில் வந்து மோதியது. மல்லாந்து விழுந்தேன். பயந்துகொண்டே தடவிப் பார்த்தேன். எலும்பு முழுசாக இருந்தது. அப்பாடா! அதற்குள் முதல் ஆளாக அவள் ஓடி வந்திருந்தாள்.

"கோலா?" என்றேன்.

"வெளிய போச்சு. நீ மொதல்ல மூச்சு வுடு!"

சாயங்காலம் பெயர்களைப் படித்தார்கள். என் பெயர் வந்தது. அடுத்து அவள் பெயரும் வந்தது. அணிக்கு இரண்டு கோல்கீப்பர்களை எடுக்கிறார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனசு பஞ்சாகிவிட்டது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு பேர எடுப்பாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா. அதுக்காவ உன் எலும்ப ஒடச்சிக்க வுடுவாங்களா?"

இப்போது எனக்குக் கன்னடம் சரளமாக வருகிறது. ஆனாலும் கடையில் யாராவது "எதை எடுக்கட்டும்?" என்று கேட்டால் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது, எனக்குப் போட்டியாக வந்தவள் காப்பாற்றிக் கொடுத்த இடமல்லவா அது!